பேரேட்டைக் காப்பவர் யார்?



வாணிகம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன கடையும் சரக்கும் தராசுமே ஆகும். ஆயினும், ஒரு வாணிகத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அனுபவம் மிக்க வணிகர் ஒருவரைக் கேட்டால், அவர் சரக்கறையைக் காட்டமாட்டார், கணக்கேட்டையே காட்டுவார். சரக்கு எரிந்து போனால் வேறு சரக்கு வாங்கிக்கொள்ளலாம். யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்னும் நினைவு அழிந்துவிட்டால், அந்த வாணிகமே அழிந்துவிடும். சிட்டை என்றும் பேரேடு என்றும் ஐந்தொகை என்றும் நம் முன்னோர் பெயரிட்டுப் பேணியவை இந்த நினைவின் கருவூலங்களே.

இன்று அந்தப் பேரேடு பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலக மூலையிலோ, கண்காணாத் தொலைவிலுள்ள ஒரு கட்டடத்திலோ, சர்வர் என்று வழங்கும் கணிப்பொறி ஒன்றில் அது குடியிருக்கிறது. உணவு விடுதியில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றே அழைக்கிறோம். பெயர்ப் பொருத்தம் நன்றாகவே அமைந்திருக்கிறது. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே இருவர்க்கும் தொழில். கொள்முதல், சரக்கிருப்பு, விற்பனை, சம்பளம், வரி ஆகிய அனைத்தையும் ஒரே கோவையாகக் கட்டி நடத்தும் நிருவாக மென்பொருள் அந்தப் பொறியில் இயங்குகிறது. ஏடு காகிதத்திலிருந்து பொறிக்குச் சென்ற கதையையும், அந்தப் பயணத்தில் வணிகர் எய்திய நன்மையையும், ஏமாந்தால் இழக்க நேரும் பொருளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் காகித ஏட்டின் பெருமையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியத் துறவி, 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சாகி வெளிவந்த தம் கணித நூலில், அந்நகரத்து வணிகர்கள் கையாண்டு வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி எழுதினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடங்களில் ஏறும்; ஒரு கணக்கில் பற்று, மற்றொரு கணக்கில் வரவு. முடிவில் இரு புறக் கூட்டுத்தொகைகளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பது உறுதி.

இம்முறையில் எழுதப்பெற்ற காகித ஏட்டுக்கு மூன்று சிறப்புகள் உண்டு. ஒன்று, உரியவர் வேண்டும்போதெல்லாம் அதனைப் பிரித்துப் படிக்கலாம். இரண்டு, எழுதியதை யாரேனும் சுரண்டி மாற்றினால் மாற்றிய தடம் தாளில் தங்கிவிடும். மூன்று, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டே சரக்கறைக்குச் சென்று, எழுத்தும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம். படிக்கும் உரிமை, திருத்தத்தின் தடம், பொருளோடு ஒப்பிடுதல் ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையை உரைத்துப் பார்க்க இவையே நமக்கு உரைகல்.

பொறி கணக்கெழுதத் தொடங்கிய வரலாறு, வியப்பிற்குரிய முறையில், ஒரு தேநீர்க் கடையில் தொடங்குகிறது. ஜே. லயன்ஸ் என்பது இங்கிலாந்தில் புகழ் பெற்றிருந்த ஓர் உணவு நிறுவனம். 1894-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிக்கடிலி வீதியில் அது தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. பிற்காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகளும் பெரிய ரொட்டி ஆலைகளும் அதற்கு உரியனவாயின. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு துண்டு அப்பத்திலும் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. சிறு ஆதாயம் தரும் வாணிகத்தில் கணக்கு சிறிது பிசகினாலும் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும். எனவே, அந்நிறுவனத்தின் அலுவலகங்களில் எழுத்தர்கள் பெருந்தொகையினராக அமர்ந்து, நாள்தோறும் சில்லறைக் கணக்குகளைக் கூட்டிக்கொண்டே இருந்தனர்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவர் 1923-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். எழுத்தர்கள் செய்யும் வேலையில் எது தேவையானது, எது வீணானது என்று ஆராய்வதைத் தம் கடமையாகக் கொண்டார் அவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1947-ஆம் ஆண்டில், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு, ரேமண்ட் தாம்சன் என்னும் இரு அலுவலர்களை லயன்ஸ் நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே புதிய அலுவலக முறைகள் எவையேனும் உளவோ என்று கண்டுவருவதே அவர்கள் பணி. பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் அறிஞரைக் கண்டு, போர்க்காலத்தில் பிறந்த மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அவர்கள் கேட்டறிந்தனர். அத்தகைய பொறியொன்றை உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், உருவாக்கி வருகிறார்களே என்பது அங்கே அவர்களுக்குக் கிடைத்த செய்தி! கடல் கடந்து தேடிச் சென்ற பொருள் அண்டை வீட்டில் இருந்தது.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் எட்சாக் என்னும் கணிப்பொறியை அமைத்து வந்தார். லயன்ஸ் நிறுவனம் அவருக்கு ஏறத்தாழ 3,000 பவுன் பொருளுதவி செய்தது. தன் ஊழியர் ஒருவரையும் உதவிக்கு அனுப்பியது. 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்சாக் தன் முதற் கணக்கை முடித்தது. அதன் மாதிரியைக் கொண்டு, ஜான் பிங்கர்டன் என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில், லயன்ஸ் நிறுவனம் தனக்கெனவே ஒரு பொறியைக் கட்டிக்கொண்டது. லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு லியோ என்று பெயரிட்டனர்.

அந்த லியோவின் உருவத்தைச் சிறிது கற்பனை செய்து பாருங்கள். ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழல்கள் அதில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித் துடிப்புகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அவற்றையே அதன் நினைவாக அமைத்திருந்தார்கள். ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டிருந்த அப்பொறியின் நினைவில், நான் இப்போது ஆற்றும் இந்த உரையில் பாதிகூட அடங்காது! இத்துணைச் சிறிய நினைவை வைத்துக்கொண்டு, 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலிருந்து, ரொட்டி ஆலையில் உருவாகும் பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை லியோ வாரந்தோறும் தவறாமல் செய்தது. அலுவலகத்தின் அன்றாட வேலையொன்றை முறையாக ஏற்று நடத்திய முதற் கணிப்பொறி என்னும் பெருமை அதற்கே உரியது.

அடுத்து வந்தது சம்பளக் கணக்கு. 1944-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் முறை வந்திருந்தது. அதனால் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கும் சிக்கலாகியிருந்தது. பழகிய எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கை, லியோ ஒன்றரை நொடியில் முடித்தது. வேகத்தைக் கண்டு வியப்பது எளிது. நான் வியப்பது வேறொன்றைக் கண்டு. எழுத்தர்களின் கணக்கோடு பொறியின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்து வருவது உறுதியான பின்னரே, 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உழைப்பாளிகளின் கூலியைப் பொறியை நம்பி ஒப்படைத்தார்கள். கூலி பிசகினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையிலும் அதே முன்யோசனையைக் காண்கிறோம். டேவிட் கேமினர் என்பவர் அலுவல் முறைகளை ஆராய்ந்து, பொறிக்கு ஏற்ற ஒழுங்கில் அமைக்கும் பணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். ஒவ்வொரு கடையும் நாள்தோறும் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்கு இவ்வளவு, செவ்வாய்க்கிழமைக்கு இவ்வளவு என்று வழக்கமான தேவை பொறியிடம் முன்பே இருக்கும். வழக்கத்திற்கு மாறாக வேண்டியதை மட்டும் கடையின் மேலாளர் தொலைபேசியில் சொன்னால் போதும். கேட்பவர் அதனை உடனே துளை அட்டையில் பதித்துவிடுவார். இன்று நிருவாக மென்பொருள் என்று நாம் போற்றும் கலையின் வித்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. வேலையை முதலில் மனிதர் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். வீணானதை நீக்குதல் வேண்டும். எஞ்சியதையே பொறியிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இனி, பெரிய கூடத்திலிருந்த அப்பொறி சிறு கடையின் மூலைக்கு வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை வரிசையும் பத்தியுமாக அமைந்த அட்டவணைகளாக வைத்துக் கையாளும் கொள்கையை வெளியிட்டார். 1972-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஐவர், ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு தொழிலகத்திற்கு வேண்டிய கணக்குகளை, நிகழ்ந்தவுடனே பதிவு செய்யும் மென்பொருளை அவர்கள் உருவாக்கினர். ஆனால், அதனை இயக்கும் பெரும்பொறிகள் செல்வம் மிக்க நிறுவனங்களுக்கே எட்டக்கூடியனவாய் இருந்தன. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மேசையில் வைக்கும் சிறு கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உறுப்புகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதப் பட்டதாரியான தம் மகன் பரத் கோயங்காவிடமே அதனைச் செய்யச் சொன்னார். 1986-ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய அந்த முயற்சியே பிற்காலத்தில் டாலி என்னும் பெயரால் கடைவீதியெங்கும் பரவியது. கணக்கப்பிள்ளையின் மொழியை அறிந்த பொறி என்பதே அதன் வெற்றிக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதற்கிடையே வேறொரு நீரோட்டமும் பெருகி வந்தது. மென்பொருளின் மூலவரிகளை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்னும் கொள்கையோடு, ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த தரவுத்தளம் ஒன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயருடன் 1996-ஆம் ஆண்டில் உலகிற்குப் பொதுவாயிற்று. இவற்றையெல்லாம் அடித்தளமாகக் கொண்டு, பெல்ஜியம் நாட்டில் ஃபேபியன் பிங்கேர்ஸ் என்பவர் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய நிருவாக மென்பொருளே இன்று ஓடூ என்று வழங்குகிறது. நம் நாட்டு மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதனால், ஒரு காலத்தில் பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த கருவியை, பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையும் தன் சொந்தச் சர்வரில் நிறுவி இயக்க முடிகிறது.

அது எவ்வாறு இயங்குகிறது? நீரிறைக்கும் பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பத்துப் பம்புகளை ஒரு கடைக்கு அனுப்பியதாக விற்பனை மேசையில் இருப்பவர் ஒரே ஒரு பதிவு செய்கிறார். அக்கணமே சரக்கிருப்பில் பத்து குறைகிறது. கடைக்காரர் கணக்கில் பற்று ஏறுகிறது. வரிக் கணக்கில் உரிய தொகை சேர்கிறது. இவற்றுள் ஒன்று பதிவாகி மற்றொன்று பதிவாகாமல் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது? நல்ல தரவுத்தளம் இவை அனைத்தையும் ஒரு முடிச்சாகக் கட்டிவிடுகிறது. எல்லாம் பதிவாகும், இல்லையேல் எதுவும் பதிவாகாது. பச்சியோலி விளக்கிய இரட்டைப் பதிவின் உள்ளுணர்வே இங்கு வேறு வடிவில் வாழ்கிறது எனலாம்.

இதுவரை வெற்றியின் கதையைச் சொன்னேன். இதே மரபில் முளைத்த ஒரு துயரக் கதையையும் நீங்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். லியோவை உருவாக்கிய கணிப்பொறித் தொழில் 1963-ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. பின்னும் சில இணைப்புகளுக்குப் பின்னர், 1968-ஆம் ஆண்டில் ஐ.சி.எல். என்னும் பெருநிறுவனத்தின் பகுதியாயிற்று. ஐ.சி.எல். நிறுவனத்தின் பெரும்பங்கை 1990-ஆம் ஆண்டில் ஜப்பானின் புஜிட்சு வாங்கியது. அந்த ஐ.சி.எல். நிறுவனமே பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களுக்காக ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்தது. 1999-ஆம் ஆண்டு முதல் அது நாடெங்கும் நிறுவப்பட்டது.

பிரிட்டனில் கிளை அஞ்சல் நிலையங்கள் பலவற்றை நடத்துவோர் அரசு ஊழியர் அல்லர், சிறு வணிகர்கள். மளிகையோ எழுதுபொருளோ விற்கும் கடையின் ஒரு பக்கத்தில் அஞ்சல் மேசையையும் வைத்து நடத்துபவர்கள். ஹொரைசன் வந்த பின்னர், பொறி காட்டும் தொகைக்கும் பெட்டியிலுள்ள பணத்திற்கும் வேறுபாடு இருப்பதைப் பலர் கண்டனர். பொறியின்படி பணம் குறைகிறது. ஒப்பந்தத்தைக் காட்டி, குறையும் பணத்தை நடத்துபவரே தர வேண்டும் என்றனர். சிலர் தம் சேமிப்பை இழந்தனர். சிலர் உறவினரிடம் கடன் பட்டனர். பலர் திருடர் என்று குற்றம் சாட்டப்பெற்று நீதிமன்றத்தில் நின்றனர். கருவுற்றிருந்த ஒரு பெண்மணி 2010-ஆம் ஆண்டில் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1999-ஆம் ஆண்டிற்கும் 2015-ஆம் ஆண்டிற்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பிடப்பட்டனர்.

நம் உரைகல்லில் இதனை உரைத்துப் பாருங்கள். படிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? குறை எவ்வாறு நேர்ந்தது என்று தேடிக் காண வேண்டிய பதிவுகள் அவர்கள் கைக்கு எட்டவில்லை. திருத்தத்தின் தடம் அவர்கள் கண்ணில் பட்டதா? கிளையின் கணக்கைத் தொலைவிலிருந்து ஒருவரும் மாற்ற முடியாது என்று அஞ்சல் நிறுவனம் நெடுங்காலம் கூறிவந்தது. முடியும் என்பது பின்னர் மெய்ப்பட்டது. பொருளோடு ஒப்பிடுதலோ தலைகீழாயிற்று. பெட்டியில் இருந்த உண்மையான பணத்தை நம்பாமல், பொறி காட்டிய எண்ணை நம்பினர். கணிப்பொறியின் சான்றை ஏற்பதற்கு முன், அது செவ்வனே இயங்கியது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்னும் 1984-ஆம் ஆண்டுச் சட்ட விதியும், 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தால் இங்கிலாந்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஏட்டை ஐயுறும் வழி அடைபட்டது.

வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ என்னும் கடற்கரை ஊரில் அஞ்சல் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர், விளங்காத குறைக்குப் பணம் கட்ட மறுத்தார். 2003-ஆம் ஆண்டில் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அவர் சோர்ந்து விடவில்லை. தம்மைப் போன்றோரைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து வழக்கிட்டனர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஹொரைசனில் கணக்கைப் பிறழச் செய்யும் பிழைகள் இருந்தன என்று நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். 2021-ஆம் ஆண்டில் 39 பேருடைய தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024-ஆம் ஆண்டில் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி, எஞ்சியோர் பலருடைய தண்டனைகளையும் நீக்கியது. நியாயம் வந்தது, ஆனால் அதற்கு முன்பே உயிர் நீத்தோர்க்கு அது பயன்படவில்லை.

தேநீர்க் கடைக்காரர்கள் தம் பொறியைத் தாமே கட்டினர், தாமே சோதித்தனர், எழுத்தரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரையில் நம்பவில்லை. அவர்கள் வழியில் வந்த தொழிலின் பொறி, ஐயுறுவோரைக் குற்றவாளியாக்கும் கருவியாக மாறிற்று. பொறியின் ஆற்றல் ஆயிரம் மடங்கு பெருகியிருந்தது. பெருகாதது, அதனைக் கேள்வி கேட்கும் மனத்துணிவே.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு சிறு நிறுவனம் கற்கவேண்டியது யாது? ஏட்டைத் தன் சொந்தச் சர்வரில் வைத்துக்கொண்டால் மட்டும் தீங்கு நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சொந்தச் சர்வர் என்பது சொந்தக் கிணறு போன்றது. தண்ணீர் நம்முடையது, தூர் வாருவதும் நம்முடைய வேலை. வட்டு பழுதாகலாம், வெள்ளம் புகலாம், வஞ்சகர் தொலைவிலிருந்தே நுழைந்து ஏட்டைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கலாம். இதற்கென ஆள் வைக்க இயலாதவர், நம்பகமான பிறரிடம் வாடகைக்கு விடுவதே நலமாகவும் இருக்கக்கூடும். எங்கே வைத்தாலும், அந்தப் பழைய மூன்று சிறப்புகளையும் கைவிடாதிருத்தலே முக்கியம்.

முதலாவது, படிக்கும் உரிமை. நம் தரவு முழுவதையும், வேறு பொறியும் படிக்கக்கூடிய வடிவில், வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். நாள்தோறும் காப்பு நகல் எடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்த நகலிலிருந்து ஏட்டை மீண்டும் உயிர்ப்பிக்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்கவும் வேண்டும். செய்து பாராத நகல், திறந்து பாராத பணப்பெட்டி போன்றது. கணக்கை மின்னணு முறையில் வைத்திருக்கும் நிறுவனங்கள், அதன் காப்பு நகலை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டு விதிகளும் திருத்தப்பட்டன.

இரண்டாவது, திருத்தத்தின் தடம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, நம் நாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் அது செய்யப்பட்ட நாளோடு பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவை முடக்கிவைக்க இயலாதவாறு அது அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. அன்று தாளில் தங்கிய சுரண்டலின் வடுவைச் சட்டம் பொறிக்குள் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எனினும், அலுவலகத்தில் அனைவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால் அந்தத் தடத்தால் பயன் என்ன? மாற்றியது எந்தக் கை என்று தெரியாதே! ஆளுக்கொரு பெயர், வேலைக்கேற்ற அதிகாரம் என்பது சிறு பட்டறைக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பொருளோடு ஒப்பிடுதல். புதிய மென்பொருளுக்கு மாறும்போது பழைய ஏட்டையும் சிறிது காலம் உடன் எழுதி வருதல், மாத முடிவில் சரக்கறைக்குச் சென்று எண்ணுதல், வங்கி அனுப்பும் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப் பார்த்தல் ஆகியவை பழைய வேலைகளே. இவற்றைப் பொறி எளிதாக்கும், தேவையற்றதாக்காது. பொறி நாற்பது என்கிறது, அறையில் முப்பத்தெட்டு இருக்கிறது என்றால், அங்கே முதலில் எழவேண்டியது வினா. எடுத்தவன் யார் என்று சரக்கறைப் பையனின் சட்டையைப் பிடிப்பதற்கு முன்னர், பதிவு எங்கே பிறழ்ந்தது என்று தேடும் முதலாளியே நீதியுடையவர்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதுவீர்கள். சிலர் அதனைச் சிறு நிறுவனங்களில் நிறுவிக் காப்பீர்கள். பலர் அதன் முன் அமர்ந்து வேலை செய்வீர்கள். எழுதுபவர், தம் பொறியும் பிறழக்கூடும் என்பதை மறவாமல், பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையும் உள்ளேயே அமைத்து வைக்க வேண்டும். காப்பவர், ஏடு பிறருடையது, தாம் அதன் காவலர் மட்டுமே என்பதை உணர வேண்டும். வேலை செய்பவர், திரையில் தோன்றும் எண் தம் கண் கண்ட உண்மையோடு ஒவ்வாதபோது அதை அஞ்சாது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பேரேட்டைக் காப்பவர் யார் என்று தலைப்பில் கேட்டேன். பூட்டும் பெட்டியும் அன்று ஏட்டைக் காத்தன. இன்று சர்வரும் கடவுச்சொல்லும் காக்கின்றன. ஆனால், ஏட்டின் உண்மையைக் காப்பது எக்காலத்தும் ஒருவர்தாம். எழுதியதையும் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒவ்வாத இடத்தில் ஏன் என்று கேட்கும் மனிதர் அவர். ஒரு நிறுவனம் எவ்வளவு சிறியதாயினும், அத்தகைய ஒருவர் அங்கே இருந்து, அவர் கேட்கும் கேள்விக்கு மதிப்பும் இருக்குமானால், அதன் பேரேடு பத்திரமாக இருக்கிறது என்று நாம் நம்பலாம்.